இருபத்துநாலாம் வாசல்

தக்கலையில் அறுபது கட்டில் ஆஸ்பத்திரி.
அதன் இரண்டாம் மாடி
இந்த வாரம் மூன்றாம் முறை செத்தது.
செத்தது என்ற சொல் ஷெர்லினுடையது,
லேபிலிருந்து, இரவு ஒன்றரைக்கு:
"அண்ணா, ரிசல்ட் ஒண்ணும் கீழ போவல்ல.
நான் பேப்பரும் கொண்டு ஓடுகேன்."

பைக்கில் போனேன். குமாரகோவில் விலக்கில் மழை.
ரெயின்கோட்டை லேப்டாப்புக்குக் கொடுத்துவிட்டு
நான் நனைந்தேன்.

ஸ்விட்ச் இருப்பது போர்வை அலமாரியில்.
இருபத்துமூன்று பச்சைப் புள்ளிகள் இமைத்துக்கொண்டிருந்தன,
தாங்கள் போக வழியில்லை என்று தெரியாமல்.
இருபத்துநாலில் மட்டும் ஆரஞ்சு, அசையாமல்.
கீழே மெயின் பெட்டிக்கு இறங்கும் ஒரே கம்பி அது.

அந்தப் பெட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு.
ஐந்து வினாடிக்கு ஒருமுறை
ஒரு சீட்டில் தன் பெயரை எழுதி
எல்லா வாசலிலும் வெளியே எறியும்.
சீட்டு திரும்பி வரக் கூடாது.
வந்தால், எங்கோ பாதை வட்டமாகிவிட்டது;
ஒரு ஹலோ கோடி ஹலோ ஆகுமுன்
சீட்டு வந்த வாசலைச் சாத்திவிடும்.
நல்ல காவல்தான்.
இன்று அது வந்தது இருபத்துநாலில்.
தன் குரலைக் கேட்டுப் பயந்து
தன் மூச்சுக்குழாயை மூடிக்கொண்டது.

திங்களும் புதனும் நான் செய்தது இவ்வளவே:
வாசலைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.
"சரி செய்யப்பட்டது" என்று
கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

இந்த முறை கம்பிகளின் பின்னால் நடந்தேன்.
பிசியோதெரபி அறை, மேசைக்கடியில்
ஐந்து ஓட்டை வெள்ளைப் பெட்டி.
ஒரு கம்பி இந்தச் சுவருக்கு, ஏழாம் வாசல்.
இன்னொன்று எதிர்ச் சுவருக்கு;
அந்தச் சாக்கெட்டின் வேர் மூன்றாம் மாடியில்,
காவல் என்றால் என்னவென்று தெரியாத ஒரு பழைய பெட்டியில்.

"நானாக்கும் குத்துனேன்," என்றார் லில்லிபுஷ்பம்,
மாப் கம்பில் சாய்ந்தபடி.
"தரையில கெடந்து காலத் தட்டுச்சு.
ஓட்ட சும்மா கெடந்துல்லா."

குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.
காலியான ஓட்டை, தொங்கும் முனை,
அளவும் சரியாக இருந்தது.
தரை துடைக்க அவர் வந்து போர்டைப் போடும்போதெல்லாம்
வெள்ளைப் பெட்டி விழித்துக்கொள்ளும்.
சீட்டு ஏழில் புறப்பட்டு, மேசைக்கடியில் கடந்து,
மாடி ஏறி, மெயின் பெட்டிக்கு இறங்கி,
கீழிருந்து வந்து கதவைத் தட்டும்,
மேலதிகாரி மாதிரி.

கம்பியைப் பிடுங்கினேன். பிடுங்கியதோடு போயிருக்கலாம்.
ஆனால் ஓட்டைகள் இந்த ஊரில் நிறைய.
எங்கள் வயல் பக்கம் வரப்பு உடைந்தால்
அந்த மடையை அடைப்பார்கள்.
பேச்சிப்பாறை ஷட்டரை இறக்கிவிட்டு
ஊருக்கெல்லாம் தண்ணீர் இல்லை என்று
யாரும் சொல்வதில்லை.

போர்வைகள் மேல் உட்கார்ந்து விதியை மாற்றினேன்:
இருபத்துநாலு கேட்கட்டும், சாத்த வேண்டாம்.
சீட்டு எந்த வாசலில் புறப்பட்டதோ
அந்த வாசலைச் சாத்து.

"எக்கா, அந்தக் கம்பிய மறுபடி குத்துங்க."
"எதுக்கு? இப்பதானே பிடுங்குனீரு?"
"குத்துங்க."

நான் அலமாரியில் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று...
ஏழு ஆரஞ்சானது.
இருபத்துநாலு இமைத்தது, இமைத்துக்கொண்டே இருந்தது.
மேசைக் கம்ப்யூட்டர் ஒன்று மட்டும் ஊமை.
போனில் ஷெர்லின், மூச்சு வாங்க:
"போவுது அண்ணா. நான் பாதிப் படியில நிக்கேன்."

லில்லிபுஷ்பம் கம்பியைச் சுருட்டி
காஸ் துணியால் மேசைக் காலில் கட்டினார்,
எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல, இரண்டு முடிச்சு.

நோட்டில் திங்களையும் புதனையும் தேடி எடுத்து
"சரி செய்யப்பட்டது" என்பதை அடித்துவிட்டு
"திறந்தது" என்று எழுதினேன்.
பேனா நனைந்திருந்தது.
புதன் சரியாகப் பதியவில்லை.